மேட்டுத் தெரு ரீடிங்

ஞாயிற்றுக்கிழமை காலை

என்னங்க,

நானும் மகளும் நலம். உங்கள் இருமல் எப்படி, முழங்கால் எப்படி என்று தனித்தனியாக எழுதவும். "எல்லாம் சுகம்" என்று ஒரே வரியில் முடித்தால் நான் நம்பமாட்டேன்.

மின்வாரியப் பயிற்சி விடுதியில் மூன்றாவது மாடியில் அறை கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மேற்பார்வையாளர் ஆகப்போகிறவரை உயரத்தில் வைப்பது மரியாதைதான். ஆனாலும் உங்கள் முழங்காலை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வார்டனிடம் சொல்லிக் கீழே மாற்றிக்கொள்ளுங்கள். கூச்சப்பட்டு நிற்காதீர்கள்.

மளிகைக்கடை போனுக்கு இனிமேல் கூப்பிடவேண்டாம். கடைக்காரர் ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார். இந்த ஊரிலேயே சுத்தமான பொருள் இப்போது அந்தத் தராசுதான். கடிதமே எழுதிக்கொள்வோம்.

போஸ்ட்மாஸ்டர் வீட்டுப் பேச்சு இன்னும் அடங்கவில்லை. நீங்கள் புதன்கிழமை பஸ் ஏறும்வரை நமக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: ஓய்வுபெற்ற அந்த மனுஷரும் அவர் வீட்டம்மாவும் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் இறந்து கிடந்தார்கள், யாரோ தலையில் அடித்துக் கொன்றிருக்கிறார்கள். மீதி எல்லாம் எதிர்வீட்டு டெய்லரக்கா சொல்லித் தெரிந்தது. அவர் முன்னறை நாற்காலியில் இருந்தாராம், அந்தம்மா சமையலறையில். கிரில் கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவியைக் காணோம். நகையும் வீட்டுப் பத்திரமும் வைத்திருந்த தகரப்பெட்டியையும் காணோம். நாற்றம் வந்த பிறகுதான் பூட்டை உடைத்திருக்கிறார்கள்.

பிள்ளை இல்லாத வீடு. போஸ்ட்மாஸ்டரின் தங்கை மகன் வெளியூரில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறானே, அவன்தான் வந்து எல்லாம் செய்தான். வியாழக்கிழமை அவர்களோடு தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் போனவனாம். "கிளம்பறப்ப அத்தைதான் கதவைத் திறந்துவிட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதான். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

இனி உங்கள் விஷயம். நேற்று காய்கறிக் கடையில் டெய்லரக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர்தானாமே கடைசியா பார்த்தது! சொல்லவே இல்லையே!" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு கண் காது மூக்கு வைத்து அவளே முழுவதையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நீங்கள் ரீடிங் எடுக்கப் போனீர்களாம். அந்தம்மா கிரில்லைத் திறந்துவிட்டாராம். "இந்த வாட்டி பில்லு கூட வருமா தம்பி?" என்று வேறு கேட்டாராம். இதை நீங்களே போலீசில் சொல்லி, அவர்களும் எழுதிக்கொண்டார்களாம்.

அந்தத் "தம்பி"யைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கு இவ்வளவு கற்பனை உண்டு என்று பதினாறு வருஷத்தில் எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஏனென்றால் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டு நடு அறைக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தீர்கள். முழங்கால் பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். "இந்தக் காலோட மேட்டுத் தெருவுல ஏற முடியாது. போன தடவை மாதிரியே எல்லா வீட்டுக்கும் கொஞ்சம் கூட்டிப் போடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான்தான் ரீடிங் புத்தகத்தை எடுத்து, மேட்டுத் தெருவின் பதினான்கு வீடுகளுக்கும் எண்களைப் போட்டேன். தேதியும் நேரமும் நீங்கள் சொன்னீர்கள், எழுதியது நான். நாம் அப்படிச் செய்வது அது முதல் தடவையும் அல்ல.

திங்கட்கிழமை போலீஸ் உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. இன்ஜினியர் பக்கத்தில் நிற்கிறார். புத்தகத்தில் வெள்ளி, மூன்று மணி என்று இருக்கிறது. போகவில்லை என்று சொன்னால் பதவி உயர்வும் பயிற்சியும் அங்கேயே போயிற்று. போனேன் என்றால், பூட்டிய கிரில்லுக்குள் இருக்கிற மீட்டரை யாராவது திறந்துவிட்டால்தானே பார்க்க முடியும்? அதனால் அந்தம்மா வந்து திறந்தார். வீட்டுக்கு வந்து என்னிடம், "ஒண்ணுமில்ல, சும்மா ஆபீஸ் விசாரணை" என்றீர்கள்.

இதுவரை யாரையும் பிடிக்கவில்லை. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று இருக்கிறீர்கள் போலிருக்கிறது. இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிடுங்கள். நாள் ஆக ஆக எழுதுவது கஷ்டம்.

மகள் அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கணக்கைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

&nbsp;

வியாழக்கிழமை

என்னங்க,

உங்கள் கடிதம் வந்தது. ஒன்பது வரி. அதில் நான்கு வரி முழங்காலுக்கு, கேட்டதற்குப் பதில் எழுதியதற்கு நன்றி. மீதியில், "சொன்னது சொன்னதுதான், நீ இதில் மூக்கை நுழைக்காதே, கொன்றவனைப் போலீஸ் கண்டுபிடித்துக்கொள்ளும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

கண்டுபிடித்துவிட்டார்கள். நம் வாஷரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஆமாம், பிளம்பர் வாஷர்தான். எந்தக் குழாயைக் காட்டினாலும் "வாஷர் போச்சும்மா" என்று சொல்லியே அந்தப் பெயரை வாங்கிக்கொண்டவர். ஓட்டை வாளியைக் காட்டியபோதுகூட அதையேதான் சொன்னார். அந்த மனுஷர் இரண்டு பேரைக் கொன்றாராம்.

நடந்தது இதுதான். போஸ்ட்மாஸ்டர் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று புதன்கிழமையே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இவர் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பையோடு போயிருக்கிறார். கிரில் வெளியே பூட்டியிருந்தது, எங்கேயோ போயிருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன் என்கிறார். வாசலில் அவர் நின்றதை டெய்லரக்கா பார்த்திருக்கிறாள். திரும்பியதைப் பார்க்கவில்லை, அடுப்பில் பால் வைத்திருந்தாளாம்.

இதற்கு இன்ஸ்பெக்டர் சொன்ன பதிலை ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோகிறவர் வந்து ஊருக்கே சொல்லிவிட்டார். "மூணு மணிக்கு மீட்டர்காரருக்குத் திறந்துவிட்டவங்க, அஞ்சு மணிக்கு எப்படிடா வெளியே பூட்டிட்டு உள்ளே இருப்பாங்க? நீதான் வேலையை முடிச்சுட்டுப் பூட்டியிருக்கே. சாவி எங்கே?" இதுதான் கேள்வியாம். தினமும் இதே கேள்வியாம். வாஷர் சொன்னது சத்தியமான உண்மையாக இருக்கலாம் என்று அந்த ஸ்டேஷனில் யாருக்கும் தோன்ற வழியில்லை. நீங்கள் அப்படிச் செய்துவைத்திருக்கிறீர்கள்.

சாவியைத் தேடி மேட்டுத் தெருக் கிணற்றை இரண்டு நாளாக இறைக்கிறார்கள். ஒரு செருப்பும் இரண்டு சொம்பும் கிடைத்தன.

உங்களுக்கு இன்னொன்று தெரியவேண்டும். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஆரம்பத்திலேயே வியாழக்கிழமை என்று சொன்னாராம். "நேர்ல பார்த்த சாட்சி இருக்கு டாக்டர், அதுவும் கவர்ன்மெண்ட் ஆளு" என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டார்கள். டாக்டரும், "சரி, வெயில் காலம், ஒருநாள் முன்னே பின்னே இருக்கலாம்" என்று மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வாஷரின் பெரிய பெண் நம் மகளோடு ஒரே பெஞ்ச். அந்தப் பெஞ்சில் இருந்த மற்ற இரண்டு பிள்ளைகளும் வேறு இடத்துக்கு மாறிவிட்டார்களாம். நம் மகள் மாறவில்லை. டீச்சரே மாறச் சொன்னபோதும், "இங்கேதான் ஃபேன் காத்து வருது டீச்சர்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாளாம். இதை என்னிடம் சொல்லிவிட்டு, "அப்பா நிஜமாவே அந்தம்மாவைப் பார்த்தாங்களா?" என்று கேட்டாள். சாதத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன், காது கேட்காதமாதிரி இருந்துவிட்டேன். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு முன்னால் நான் இப்படித் திருடி மாதிரி நின்றது கிடையாது.

உடனே ஒரு கடிதம், நான்கு வரி போதும். "அன்று நான் போகவில்லை, புத்தகத்தில் உத்தேசமாக எழுதினேன்" என்று இன்ஸ்பெக்டருக்கு எழுதுங்கள். வேலைக்கு ஆபத்து என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

&nbsp;

திங்கட்கிழமை

என்னங்க,

உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தேன். "நான் சொன்னதற்காக யாரையும் தூக்கில் போடமாட்டார்கள், கோர்ட்டில் எப்படியும் விட்டுவிடுவார்கள், இன்னும் நான்கு மாதத்தில் பயிற்சி முடிந்துவிடும், அதுவரை பொறு" என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு மாதம் உங்களுக்கு விடுதியில். வாஷருக்கு எங்கே என்று யோசித்தீர்களா?

நேற்று வாஷரின் மனைவி வந்திருந்தாள். இதற்கு முன் நம் வீட்டுக்கு வந்தவள் இல்லை. சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் உள்ளே வந்து உட்காரச் சொன்னபோது, "இல்லம்மா, ஒரு உதவி கேட்டுட்டுப் போயிடறேன்" என்றாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். பிறகு கேட்டாள்: "உங்க வீட்டுக்காரர்தானே அந்தம்மாவைக் கடைசியா பார்த்தது? அப்ப அவங்க வேற யாராச்சும் வர்றதா ஏதாவது சொன்னாங்களான்னு நல்லா யோசிச்சுப் பார்க்கச் சொல்லி எழுதுங்கம்மா. அவர் நல்ல மனுஷன், கட்டாயம் சொல்லுவார். ஏதாவது ஒரு வார்த்தை ஞாபகம் வந்தாக்கூட எங்களுக்குப் போதும்."

உங்கள் பொய்யில் தனக்கு ஏதாவது மிச்சம் இருக்குமா என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "எழுதறேன்" என்றேன். அதைத்தான் இப்போது எழுதிவிட்டேன். யோசித்துப் பாருங்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. என்மேலும் அதே அளவு கோபம் இருக்கிறது. அந்தப் பதினான்கு எண்களையும் போட்டவள் நான்தானே. எவ்வளவு நியாயமாகப் போட்டேன் என்று அன்றைக்குப் பெருமைகூடப் பட்டேன். ரொட்டிக்கடைக்காரருக்குக் கொஞ்சம் அதிகம், தனியாக இருக்கிற டீச்சருக்குக் கொஞ்சம் குறைவு. போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்கு 6331. போன தடவை 6214 இருந்தது, வழக்கம்போல நூற்றுப் பதினேழு கூட்டினேன். அந்த நேரத்தில் அவர்கள் இரண்டு பேரும் உயிரோடு இல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது பேனாவைக் கீழே வைத்துவிடத் தோன்றுகிறது.

வியாழக்கிழமைவரை பார்ப்பேன். அதற்குள் நீங்கள் வந்தாலும் சரி, இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் வந்தாலும் சரி. இரண்டும் இல்லாவிட்டால் நானே போய்ச் சொல்லுவேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். பிறகு சொல்லவே இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

மாடியிலிருந்து கீழ் அறைக்கு மாறிவிட்டீர்களா? அதை எழுதவில்லையே.

உங்கள் மனைவி

&nbsp;

சனிக்கிழமை

என்னங்க,

வியாழக்கிழமை வந்தது, நீங்கள் வரவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். காலையிலேயே அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எனக்குத் தெரியும்மா" என்றாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் என்னைக் காணாமல்போன சைக்கிள் விஷயமாக வந்தவள் என்று நினைத்து ஒருமணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இன்ஸ்பெக்டருக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். நான் சொன்னதை நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு மூன்றாவது தடவை. நான் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை, மாற்ற என்னிடம் வேறு எதுவும் இல்லை.

"புருஷன் மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டார். ஆமாம், ஆனால் அதற்காக வரவில்லை என்றேன். ரீடிங் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். சாட்சிப் பொருளாக அங்கேயே பீரோவில் வைத்திருந்தார்கள். ஒரு காகிதத்தைக் கொடுத்து ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எழுதச் சொன்னார். எழுதினேன். என் ஏழில் நடுவே ஒரு சின்னக் கோடு இருக்குமே, புத்தகத்திலும் அப்படியே இருந்தது. ஸ்டேஷன் ரைட்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து முத்து மாதிரி இருக்கும்மா" என்றார். இன்ஸ்பெக்டர் முறைத்ததும் தம் இடத்துக்குப் போய்விட்டார்.

"கை உங்களுதா இருக்கலாம். அவர் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லச் சொல்ல நீங்க எழுதியிருந்தா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு எனக்கு ஒரு பதில்தான் தோன்றியது. "அந்த மீட்டரைப் போய்ப் பாருங்க சார்" என்றேன்.

பிணங்களை எடுத்த அன்றே அந்த வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு மீட்டர் ஓடியிருக்காது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. உங்கள் இன்ஜினியரை வரவழைத்தார். என்னையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். மேட்டுத் தெரு முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. டெய்லரக்கா தையல் மிஷினை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அந்த வீட்டு முன்னறையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாற்காலி அப்படியே இருந்தது. அதன்மேல் யாரோ ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள். மேஜையில் மூக்குக் கண்ணாடியும் பாதி போட்ட குறுக்கெழுத்தும் இருந்தன. மீட்டர் கிரில்லுக்கு உள்பக்கம், தலைக்குமேல். இன்ஜினியர் ஸ்டூலில் ஏறி டார்ச் அடித்துப் படித்தார். "ஆறாயிரத்து இருநூத்தி எண்பத்தி ஒன்பது" என்றார். இன்ஸ்பெக்டர் திரும்பப் படிக்கச் சொன்னார். அதேதான். பிறகு அவரே ஏறிப் பார்த்தார்.

புத்தகத்தில் வெள்ளிக்கிழமைக்கு 6331. சனிக்கிழமை நின்றுபோன மீட்டரில் 6289. நாற்பத்திரண்டு யூனிட் குறைச்சல். மீட்டர் பின்னால் ஓடாது என்று இன்ஜினியர்தான் மெதுவாகச் சொன்னார். டெய்லரக்கா கூட்டத்திலிருந்து, "ஒன்றரை மாசமா ஃப்ரிட்ஜு ரிப்பேர் கடையில கெடக்கு சார், கரண்ட்டு எங்கே ஓடியிருக்கும்?" என்றாள். நூற்றுப் பதினேழு கூட்டும்போது அந்த ஃப்ரிட்ஜ் எனக்குத் தெரியாது. அந்த வாசலுக்குப் போயிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் அங்கேயே படியில் உட்கார்ந்து கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். பிறகு, "அப்ப வெள்ளிக்கிழமை அவங்களை யாருமே பார்க்கலை" என்றார். என்னிடம், "உங்களையும் சேர்த்துத்தான் கேஸ் எழுதியாகணும்மா" என்றார். எழுதுங்கள் என்றேன். உங்களுக்குச் சம்மன் வரும். வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் வாஷர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடமும் சொன்னேன். ஸ்டேஷனில் மூன்று தடவை சொன்னது அங்கே ஒரு தடவைகூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. முடித்ததும் அவள் எனக்குக் கொடுத்த தண்ணீர் டம்ளரை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. நான் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் மனைவி

&nbsp;

புதன்கிழமை

என்னங்க,

செய்தி உங்கள் ஊர்ப் பத்திரிகையிலும் வந்திருக்கும். அவர்கள் எழுதியதில் பாதி தப்பு. நடந்ததை எழுதுகிறேன்.

உங்கள் வெள்ளிக்கிழமைச் சாட்சி விழுந்ததும் இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமையைக் கையில் எடுத்தார். வியாழக்கிழமை அந்த வீட்டில் இருந்தது ஒருவன்தான், அந்தத் தங்கை மகன். அதை அவனே எல்லாரிடமும் தாராளமாகச் சொல்லியிருந்தான். ஏன் சொல்லமாட்டான்? வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் குடோனில் இருந்ததற்கு அவனிடம் வருகைப் பதிவேடு இருந்தது. மூன்று மணிக்கு அத்தை உயிரோடு இருந்ததற்கு நீங்கள் இருந்தீர்கள். அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். செத்துப்போன அந்தம்மாவை எழுந்துவந்து கதவு திறக்கவைத்தது இரண்டு பேர். ஒருவன் அவர்களைக் கொன்றவன், இன்னொருவர் நீங்கள். இன்ஸ்பெக்டர் இதை என் முகத்துக்கு நேரே சொன்னார்.

அவன் அறையில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிரில் சாவி கிடைத்தது. தகரப்பெட்டியும் கிடைத்தது. சாவி வளையத்தில் போஸ்ட்மாஸ்டரின் பழைய அலுவலகப் பித்தளை வில்லை அப்படியே இருந்ததாம். வீட்டைத் தன் பேருக்கு எழுதிவைக்கச் சொல்லி வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறான். அவர் அன்றைக்கும் முடியாது என்றிருக்கிறார். அவரை அடித்த சத்தம் கேட்டு அந்தம்மா கூப்பிட்டிருக்கிறார். அதனால் அவரையும். முழுவதையும் ஒப்புக்கொண்டுவிட்டான். சாவியை ஏன் எறியவில்லை என்று கேட்டதற்கு, "எப்படியும் என் வீடுதானே சார், அப்புறம் தேவைப்படுமே" என்றானாம். ரைட்டர்தான் இதைச் சொன்னார்.

வாஷரை நேற்று விட்டுவிட்டார்கள். இரண்டு வாரம். அழைத்துவரப் போனவர்களில் நானும் நம் மகளும் இருந்தோம், கொஞ்சம் தள்ளி நின்றோம். அவர் பெரிய பெண் ஓடிப்போய்க் கையைப் பிடித்ததும் அவர் கையை இழுத்துக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. சாவி எங்கே, சாவி எங்கே என்று கேட்ட நாட்களில் நடந்தது. இல்லாத சாவிக்கு அவர் எங்கே போவார்? ஸ்பானர் பிடிக்க இனி வருமா என்று ஆறு மாதம் கழித்துத்தான் சொல்லமுடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வராது என்று டாக்டரின் முகம் சொல்லிவிட்டதாக அவர் மனைவி பக்கத்துவீட்டில் சொல்லி அழுதாளாம். என்னிடம் சொல்லவில்லை.

டெய்லரக்கா என்னைப் பார்த்தால் தையல் மிஷினை இன்னும் வேகமாக ஓட்டுகிறாள். மளிகைக்கடைக்காரர் மட்டும், "செஞ்சது பெரிய விஷயம்மா" என்றார். பெரிய விஷயமா? பதினேழு நாளுக்கு முன்னால் செய்திருந்தால் ஒருவேளை. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கும்தான் தெரியும். உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர, நானும் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. வேலை போய்விடுமே என்று நானும்தான் பயந்தேன். வாஷரின் விரல்களில் ஒன்று என் கணக்கில் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அலுவலகத்திலிருந்து உங்கள் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வீட்டு முகவரிக்கும் வந்திருக்கிறது. பயிற்சி அதோடு முடிந்தது. அலமாரியில் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி நான் உங்களைக் குத்திக்காட்டப்போவதில்லை. எழுதியவள் நான், எனக்கு அந்த உரிமையும் இல்லை. பக்கத்துத் தெரு அச்சகத்தில் புரூஃப் பார்க்க ஆள் வேண்டுமாம், பேசிவிட்டு வந்திருக்கிறேன். குடித்தனம் நடக்கும்.

"ஊருக்கு எந்த முகத்தோடு வருவேன்?" என்று தந்தி மாதிரி ஒரே வரி எழுதியிருந்தீர்கள். இருக்கிற முகத்தோடு வாருங்கள். எனக்கும் வேறு முகம் கிடைக்கவில்லை, இதை வைத்துக்கொண்டுதான் தினமும் தண்ணீர் பிடிக்கப் போகிறேன்.

பகல் பஸ்ஸில் வாருங்கள். இறங்கியதும் நம் வீட்டுக்கு வரவேண்டாம். பெட்டியோடு நேராக வாஷர் வீட்டுக்குப் போங்கள். கதவைத் தட்டினால் அவர் மனைவி வருவாள், உட்காரச் சொல்லமாட்டாள். என்ன பேசுவது என்று என்னிடம் கேட்காதீர்கள், நானும் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களுக்கு அன்றைக்குக் காரணம் இருந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் திட்டினால் நில்லுங்கள். திட்டாமல் உள்ளே போய்விட்டாலும் நில்லுங்கள். அந்தக் கையை நீங்கள் ஒருமுறை கிட்டத்தில் பார்க்கவேண்டும், அதைத் தவிர வேறு எதுவும் நான் உங்களிடம் கேட்கவில்லை.

எவ்வளவு நேரமானாலும் அங்கேயிருந்து வீட்டுக்கு வாருங்கள். மகள் உங்களோடுதான் சாப்பிடுவேன் என்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடாமல் இருப்போம்.

உங்கள் மனைவி